சீனியைத் தின்றது யார்?

அவரிடம் யாரும் எதையும் முதலில் சொல்லிவிட முடியாது. "வெளிய மழை வருது மேடம்" என்றால், "காலைலயே சொன்னேன்ல" என்பார். காலையில் அவர் சொல்லியிருக்க மாட்டார். இன்குபேட்டர் சூடாகவில்லை என்று போய் நின்றால், நிமிராமலேயே, "ஆமா, அது ரெண்டு நாளா அப்பிடித்தான் இருக்கு" என்பார். அதற்கு முந்தைய நிமிஷம்வரை அந்த இன்குபேட்டரை அவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். சேர்ந்த புதிதில் இதை ஒரு பேச்சுப் பழக்கம் என்று நினைத்தேன். வாய் தானாகச் சொல்கிறது, மனதில் ஒன்றுமில்லை என்று. அப்படி நினைத்தது எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

தொண்ணூறுகளின் நடுவில், மதுரையிலிருந்து சமயநல்லூர் போகிற வழியில் ஒரு அறக்கட்டளை நடத்திய சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் நான் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். அவர்தான் என் வழிகாட்டி. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மணிக்கட்டின் உட்பக்கம் திரும்பிய வாட்ச். அறைக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் செல் வளர்க்கும் கண்ணாடி பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். அந்த நேரத்தில் அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

அந்த நிலையத்துக்கு நான் வந்ததே அவருடைய பேச்சைக் கேட்டுத்தான். நான் எம்.எஸ்சி. படித்த கல்லூரிக்கு ஒருமுறை பேச வந்திருந்தார். கையில் குறிப்பு கிடையாது. "வைரஸுக்குச் சொந்தமா அடுப்பு கிடையாது" என்று ஆரம்பித்தார். "அது சாப்பிடாது. மூச்சு விடாது. தானா வளராது. ஆனா அது நுழைஞ்ச வீட்டுல அடுப்பு எரியிற விதமே மாறிப்போயிரும். யாருக்காகச் சமைக்கிறோம்னு அந்த வீட்டுக்குத் தெரியாது. சமைச்சுக்கிட்டே இருக்கும்." அரங்கத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. நன்றாகப் பேசுவார். அதை நான் மறுக்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சியும் அதுதான். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயின் வைரஸ், தான் புகுந்த செல்லின் சீனிக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்பது. நல்ல நிலையில் இருக்கும் செல் தனக்கு வேண்டிய சீனியை மட்டும் எடுத்து அளவாகச் செலவழிக்கும். வைரஸ் உள்ளே போனால் அந்த நிதானம் கெடும். சீனி வேகவேகமாக உள்ளே இழுக்கப்படும். அது முழுவதும் எரிவதற்குள்ளேயே பெரும்பகுதி அமிலமாக வெளியே தள்ளப்படும். எரியும் வழியில் உடைந்து கிடைக்கும் துண்டுகள், கொழுப்பு, பிற சரக்குகள் எல்லாம் புது வைரஸ்களைக் கட்டப் போய்விடும். செல் தன் வேலையை மறந்து உழைத்துக் கடைசியில் சாகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருந்தது. செல்கள் மூழ்கியிருக்கும் ஊட்டநீரில் ஒரு சாயம் கலந்திருப்போம். செல்கள் நலமாக இருக்கும்வரை அது ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும். அமிலம் சேரச் சேர ஆரஞ்சாகி, மஞ்சளாகிவிடும். வைரஸ் விட்ட பாட்டில்கள் மறுநாளே எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். விடாத பாட்டில்கள் ரோஜா நிறத்திலேயே இருக்கும். அந்த வேகமான மஞ்சளை வைத்துத்தான் அவர் கட்டுரைகள் எழுதினார், மானியம் வாங்கினார், பெயர் வாங்கினார். "இவ்வளவு சீனி குடிக்கிற வைரஸை யாரும் பார்த்ததில்லை" என்று வெளியூர்க்காரர்கள் வியந்தபோது லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவர் வீட்டிலும் அதுதான். மற்ற மாணவர்களிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறவர், என்னிடம் மட்டும் திடீரென்று வீட்டு மொழிக்கு மாறுவார். அதுவும் எல்லோர் முன்னாலும், குரலைத் தாழ்த்தி. பெரிதாக ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். அப்பா எப்படி இருக்கிறார், வில்லாபுரத்தில் தண்ணீர் வருகிறதா, இப்படித்தான். மொழி தெரியாதவர்களுக்கு அது ரகசியமாகத் தெரியும். சில மாதங்களில், நான் சாப்பாட்டு மேஜைக்குப் போனால் பேச்சு நின்றுபோகத் தொடங்கியது. என்னை உளவாளி என்று நினைத்தார்கள். அவர் தெரிந்தே செய்தாரா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்தேதான் செய்தார். ஒருமுறை அப்படிப் பேசி முடித்துவிட்டு, மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததை நானே கவனித்தேன்.

என்னிடம் பேச்சை நிறுத்தாத ஒரே ஆள் தவசி அண்ணன். எனக்கு சீனியர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். கோழிக்குஞ்சின் கருவிலிருந்துதான் எங்களுக்குச் செல்கள் வேண்டும். அதற்கான முட்டைகளை ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தையைப் போலக் கொண்டுவருவார். அவர் வேலை செய்தால் ஒரு சொட்டு சிந்தாது. மேடத்துக்கு அவரைப் பிடிக்காது. "மாடு பிடிக்கிற கை" என்று அவர் காதுபடவே சொல்வார். தவசி அண்ணன் சிரித்துக்கொண்டே, "மாடு பிடிக்கிறதுக்கும் கை நிதானம் வேணும் மேடம்" என்பார்.

ஒருநாள் அம்மா செய்த புளியோதரையைக் கொண்டுபோயிருந்தேன். மேடம் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, என்னென்ன போடுவார்கள் என்று விசாரித்தார். வெந்தயத்தை வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுவதை அம்மாவிடம் கேட்டுவந்து சொன்னேன். அந்த மாதமே நிலையத்தில் ஒரு விழா. மேடம் பெரிய டப்பாவில் புளியோதரை கொண்டுவந்தார். வந்தவர்களிடம், "எங்க அம்மா கைப்பக்குவம். வெந்தயத்துலதான் இருக்கு சூட்சுமம், வேற யாருக்கும் தெரியாது" என்றார். நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். என்னிடமும் அதையே சொன்னார். கண்ணில் ஒரு கூச்சம், ஒரு திருட்டுத்தனம் எதுவும் இல்லை. இது வெறும் பேச்சுப் பழக்கம் இல்லையோ என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அடுத்த வருடம் தவசி அண்ணன் ஒரு சின்னச் சோதனை செய்தார். வைரஸைச் செயலிழக்க வைக்கும் சீரம் நோய் வந்து பிழைத்த கோழியின் ரத்தத்திலிருந்து கிடைக்கும். எங்கள் குளிர்பெட்டியில் இருந்த வைரஸ் திரவத்தோடு அந்தச் சீரத்தைக் கலந்து, வைரஸ் எந்தச் செல்லுக்குள்ளும் புக முடியாதபடி செய்துவிட்டு, பாட்டிலில் விட்டார். அந்தப் பாட்டில் ரோஜா நிறத்திலேயே இருந்திருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"சுபா, இங்க வா. இதப் பாரு."

பாட்டில் மஞ்சளாக இருந்தது.

"வைரஸத்தான் கட்டிப்போட்டாச்சே அண்ணே. அப்பறம் எப்பிடி?"

"அதான் நானும் கேக்குறேன். வைரஸ் உள்ளயே போகல. அம்புட்டுச் சீனியையும் தின்னது வேற யாரோ."

அந்த வேறு யாரோவை அவர் பொறுமையாகத் தேடிப் பிடித்தார். மைகோபிளாஸ்மா என்கிற பாக்டீரியா. மிகச் சிறியது. வடிகட்டியில் நழுவிவிடும். பென்சிலினுக்குச் சாகாது. அது வளர்ந்தால் ஊட்டநீர் கலங்காது, அதனால் கண்ணுக்கும் தெரியாது. கோழிகளிடம் சாதாரணமாக இருப்பது, முட்டை வழியாக வருவது. தட்டில் வளர்த்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். குட்டிக் குட்டி ஆஃப்பாயில்களாக வரிசையாக இருந்தன. எங்கள் வைரஸ் திரவம் பல வருடங்களுக்கு முன்பு முட்டைகளில் வளர்த்து உறையவைத்தது. அன்றைக்கே இதுவும் கூட வந்திருக்கிறது. வைரஸ் விடும்போதெல்லாம் இதையும் சேர்த்தே விட்டிருக்கிறோம்.

அவர் அதோடு நிற்கவில்லை. பாக்டீரியாவை மட்டும் கொல்லும் மருந்து சேர்த்து, வைரஸைச் சுத்தமாக்கி, மறுபடி முதலிலிருந்து செய்தார். சுத்தமான வைரஸும் செல்லின் சீனிச் செலவைக் கூட்டத்தான் செய்தது. ஆனால் கொஞ்சமாக, அதுவும் ஆரம்ப மணி நேரங்களில் மட்டும். பிறகு செல் தளர்ந்து, சீனி எடுப்பதும் இறங்கிவிட்டது. மேடம் எழுதியிருந்த பெரிய உயர்வில் ஒரு சின்னத் துண்டுதான் உண்மையில் வைரஸுடையது.

"சின்னதா இருந்தாலும் இது நிசம், சுபா" என்றார் தவசி அண்ணன். அவர் முகத்தை அப்படி வெளிச்சமாக நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அண்ணன் வரைந்த வரைபடங்களோடு இருவரும் மேடத்தின் அறைக்குப் போனோம். அவர் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். வாட்சைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். மொதல்ல உங்ககிட்டத்தான்."

"அந்தப் பாட்டில், தட்டு எல்லாத்தையும் கொதிக்க வச்சு ஊத்திரு. சுத்தமா வேல செய்யத் தெரியலன்னா இப்பிடித்தான் ஆகும்."

"மேடம், இது பழைய ஸ்டாக்லயே—"

"எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா?"

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். வெளியே வந்தோம். வராந்தாவில் நின்று வாசல் கேட்டுக்கு வெளியே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விடு. யோசிச்சுப் பாப்பாங்க. ஏத்துக்கிறதுக்கு நேரம் ஆகும்ல" என்றார். மேடத்துக்காக அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மேடம் யோசித்துத்தான் பார்த்திருக்கிறார். அடுத்த கருத்தரங்குக்கு வெளியூர்ப் பேராசிரியர்கள் பலர் வந்திருந்தார்கள். அப்போது படங்களைக் கண்ணாடித்தாளில் வரைந்து புரொஜெக்டரில் வைத்துத் திரையில் காட்டுவோம். தாள் மாற்றுகிற வேலையைத் தவசி அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். முதல் தாளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் வரைந்த வரைபடம். சீரம் கலந்த பாட்டில், சுத்தமான வைரஸ், ஆரம்பத்தில் ஏறிப் பிறகு இறங்கும் அந்தச் சின்னக் கோடு, எல்லாம் இருந்தன.

"எனக்கு ஆரம்பத்துலருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று மேடம் தொடங்கினார். அந்தச் சந்தேகம் எப்படி வளர்ந்தது, சீரத்தை வைத்துச் சோதிக்கும் யோசனை தனக்கு எப்படி வந்தது என்று சொன்னார். அதே அழகான பேச்சு. கேட்டவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். யாரோ, மாசு எப்படி வந்திருக்கும் என்று கேட்டார். மேடம் வருத்தத்தோடு சிரித்தார்.

"என் மாணவர் ஒருத்தரோட கைப்பழக்கம். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். சில பேர் வளர்ந்த விதம் அப்பிடி. என் பழைய முடிவுகள் கெட்டதே அதனாலதான்."

புரொஜெக்டர் மேல் இருந்த அண்ணனின் கை அப்படியே நின்றது. அதன் நிழல் திரையில் பெரிதாக விழுந்தது. சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர் அடுத்த தாளை எடுத்து வைத்தார். நேராக, மிகச் சரியாக வைத்தார்.

நான் எழுந்துவிட்டேன். பேச வேண்டும் என்று யோசித்து எழவில்லை.

"மேடம், அந்த வைரஸ் ஸ்டாக் தவசி அண்ணன் இங்க சேர்றதுக்கு முன்னாலயே உறைய வச்சது. நீங்களே வச்சது. அந்த ஸ்டாக்குலதான் மாசு இருந்துச்சு. கண்டுபிடிச்சது அவருதான். நான் கூட இருந்தேன்."

மேடம் என்னைக் கனிவோடு பார்த்தார். சௌராஷ்டிரத்தில், கொஞ்சுவது போன்ற குரலில், உட்காரும்மா, உடம்பு சரியில்லையா, சாயந்தரம் உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன் என்றார். வந்திருந்தவர்களுக்குக் குரலின் கனிவு மட்டும் கேட்டது.

"தமிழ்லயே சொல்லுங்க மேடம். எல்லாருக்கும் புரியட்டும்."

அவர் முகம் ஒரு கணம் வெறுமையானது. தலைமை வகித்தவர் இருமிவிட்டு, டீ ஆறுகிறது, இதையெல்லாம் பிறகு பேசலாம் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவேயில்லை. தவசி அண்ணன் தாள்களை ஒழுங்காக அடுக்கி உறையில் போட்டு மேடத்தின் கையில் கொடுத்தார். வாசலில் என்னிடம், "நீ எதுக்குப்பா எந்திரிச்ச? உன் படிப்பும் போயிருமே" என்றார். "சரி, நான் வாரேன்" என்று போனவர் திரும்பி வரவேயில்லை.

சொன்னபடியே மேடம் அன்று சாயந்தரம் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நூல் வியாபாரி, அதிகம் பேசாதவர். மேடம் அவரிடம் கருத்தரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் பெண் அந்த உசிலம்பட்டிப் பையனோடு சுற்றுகிறாள், அவனுக்காகப் பெரிய மனிதர்கள் முன்னால் மானத்தை விட்டுப் பேசுகிறாள், நம்ம ஆட்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார். அம்மா கொடுத்த காப்பியைக் கடைசிவரை குடித்துவிட்டுத்தான் போனார்.

அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நீ அங்க சொன்னது நிசமா?" என்றார்.

"நிசம்பா."

"அப்பச் சரி."

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் பேச்சு வீட்டோடு நிற்கவில்லை. எனக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வரன் சத்தமில்லாமல் விலகிப்போனது. அம்மா கொஞ்ச நாள் கோயிலுக்குக்கூடக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய்வந்தார். மேடம் எங்கள் ஆட்களின் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் அம்மாவின் கையைப் பிடித்து, பெண் எப்படி இருக்கிறாள் என்று அக்கறையாக விசாரிப்பாராம்.

அவரும் இளம் வயதில் அடிபட்டவர்தான் என்று பிறகு ஒருவர் சொன்னார். அவருடைய வழிகாட்டி அவர் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டாராம். அதைச் சொன்னவர் என் மனம் இளகும் என்று எதிர்பார்த்தார். இளகவில்லை. அந்த வலி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அதைச் செய்தார் என்பதுதான் எனக்குப் பட்டது. ஆய்வுக்கூடத்தில் சிலர் அவரையே வைரஸ் என்று கேலி பேசுவார்கள். அதுவும் எனக்குப் பிடிக்காது. வைரஸுக்கு வேறு வழி கிடையாது. அவருக்கு இருந்தது.

தவசி அண்ணன் கண்டுபிடித்தது மேடத்தின் பெயரில் கட்டுரையாக வெளியானது. நான் வேறு வழிகாட்டியிடம், வேறு ஊரில், செடிகளின் வைரஸில் பட்டம் முடித்தேன். இரண்டு வருடம் வீணானது. மதுரையிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. செல்லுக்குள் போன வைரஸ் அதன் சீனிச் செலவை எப்படி மாற்றுகிறது என்ற பாடம் வருடாவருடம் வரும். சீரம் கலந்த அந்தப் பாட்டிலைக் கரும்பலகையில் வரைந்து, இதைச் செய்தவர் தவசி என்று பெயரைச் சொல்லித்தான் நடத்துகிறேன். தவசி அண்ணன் பட்டம் வாங்கவில்லை. கோழிப் பண்ணைகளுக்கு நோய் பார்த்துச் சொல்லும் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறார். கல்யாணம், பிள்ளைகள், நன்றாக இருக்கிறார். போனால் டீ வாங்கித் தருவார். பழையதைப் பேச்செடுத்தால், "பெறகு?" என்று வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவார்.

சிக்குன்குனியா மதுரையைப் படுக்கப் போட்ட வருடம் நான் மேடத்தைக் கடைசியாகப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வில்லாபுரத்தில் மாடியில் இருந்த ஒரு கிளினிக்குக்கு அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். திரும்பும்போது படிக்கட்டின் நடுவில் ஒரு அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நின்றார். விரல்கள் வீங்கியிருந்தன. அருகில் போன பிறகுதான் அவர் என்று தெரிந்தது.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வீட்டு மொழியில் அப்பா பெயரைச் சொல்லி, அவர் மகள்தானே என்றார். கையை நீட்டினார். நான் பிடித்தேன். ஒவ்வொரு படிக்கும் அவர் வலியில் முனகினார். வழியில் என் வேலை, வீட்டுக்காரர் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தவசி அண்ணன் நல்லா இருக்காரு மேடம்" என்று தமிழில் சொன்னேன்.

"யாரு?"

"தவசி. உசிலம்பட்டி. உங்ககிட்ட ரிசர்ச் பண்ணாரே."

அவர் நின்று யோசித்தார். நடிக்கவில்லை. அவரிடம் இருந்த வருடங்களில் அந்த முகம் எப்போது நடிக்கும் என்று தெரிந்துகொண்டிருந்தேன். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு, "அப்பிடி யாரும் என்கிட்ட இல்லயேம்மா" என்றார்.

அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். அவனியாபுரம் பக்கமிருந்து வந்த ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தினேன். அவரை உள்ளே உட்காரவைத்து, புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் எடுத்து மடியில் போட்டேன். ஆட்டோக்காரர் நல்ல மனிதர். கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீங்க ஏறலயாக்கா? உங்க அம்மாதான?"

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.

"இல்லண்ணே. யாருன்னு தெரியாது. படியில நின்னுக்கிட்டிருந்தாங்க. எங்க போகணும்னு அவுங்களையே கேட்டுக்கங்க."